ஒற்றைக்கால் பஞ்சாயத்து

பிப்ரவரி 4

அன்புள்ள பல்லிக்கு,

அக்கா எழுதுவது. மயக்கம் போட்டு விழாதே. போனில் கூப்பிட்டால் நான் "அந்தக் கயித்து வேலையை எப்படா விடப்போற?" என்று ஆரம்பிப்பேன், நீ "வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது பார். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எழுத்தெல்லாம் மலையேறுவதைப் பார்த்து இவள் குடித்துவிட்டு எழுதுகிறாளோ என்று நினைக்காதே. அலமாரிக் கதவில் தாளை ஒட்டி, நின்றுகொண்டு எழுதுகிறேன். பேனா இந்த வாக்கில் எழுத மாட்டேன் என்கிறது, மை இறங்கவில்லை. அதனால் பென்சில். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கழுத்தால்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை எதிரில் வைத்துக்கொண்டு, மெழுகில் பல் செதுக்குவது. காலையில் குனிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வேன். அப்புறம் வீட்டுக்கு வந்து போனில் குனிவேன். கழுத்து வலி ரொம்ப நாளாகவே இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு காலம் தள்ளினேன். போன மாதம் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியிருந்தேன், திடீரென்று தரை சரிந்ததுபோல் இருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டேன். பயந்துவிட்டேன்டா. இருபத்தொன்பது வயதில் குளியலறையில் விழுந்து கிடந்தால் யார் கதவை உடைப்பது?

பிசியோவிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். என் தலையில் ஒரு பட்டையைக் கட்டி அதில் சின்ன லேசர் விளக்கை மாட்டினாள். எதிர்ச் சுவரில் ஒரு வட்டம், சிவப்புப் புள்ளி அதன் நடுவில் நின்றது. கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மறுபடி நேராகக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். சத்தியமாக நேராகத்தான் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் புள்ளி காலண்டர் பக்கம் போய் நிற்கிறது.

"வலிக்கிற கழுத்து பொய் சொல்லும்க்கா," என்றாள். "தலை எந்தப் பக்கம் இருக்குன்னு மூளைக்குத் தப்பா சொல்லும். கண்ணு திறந்திருக்கிற வரைக்கும் கண்ணு சமாளிச்சுடும். மூடினா மாட்டிக்குவீங்க. இப்பல்லாம் சின்ன வயசுக்காரங்கதான் நிறைய வர்றாங்க."

அடுத்து என்ன செய்யச் சொன்னாள் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் என்று கேட்டாள், நம் வீட்டுப் பஞ்சாயத்தைச் சொன்னேன். நமக்குள் சண்டை வந்தால் அப்பா தீர்ப்பே சொல்லமாட்டார், இருவரையும் கூடத்தில் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிறுத்துவார், முதலில் காலை ஊன்றியவர் மற்றவர் சொன்னதைக் கேட்க வேண்டும், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்று. இருவரும் ஒன்றாக ஊன்றிவிட்டால் அம்மா ஒரே தட்டில் சோறு போடுவாள், பேசாதவர் பசியோடு எழுந்து போகலாம் என்பதையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் காலைத் தூக்கினேன், தூக்கிய வேகத்தில் ஊன்றிவிட்டேன். அதற்கும் சிரித்தாள்.

தினமும் பழகச் சொல்லியிருக்கிறாள். "வீட்டுல யாராச்சும் பக்கத்துல நிக்கட்டும், விழுந்தா பிடிக்க," என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவும் அப்பாவும் போனபின் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? மூலையில் ஒரு நாற்காலியை நிறுத்தியிருக்கிறேன்.

உன் கழுத்து எப்படி இருக்கிறது? எந்நேரமும் அண்ணாந்து பார்க்கிற பிழைப்பாயிற்றே. சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
குனிந்த தலை நிமிராத உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார் போல.

அங்கே வீட்டில் நாற்காலியாவது இருக்கிறது. இங்கே என் அறைக்காரனும் காலி செய்துகொண்டு போய்விட்டான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, சொந்த ஊரிலேயே ஏதோ வேலை பார்க்கப் போகிறானாம். அவன் இருந்தவரை குறட்டைக்காகத் திட்டுவேன். இப்போது அறையில் சத்தமே இல்லை. தும்மினால் நானே "நூறு" என்று சொல்லிக்கொள்கிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. புதுக் கட்டடம், முழுக்கக் கண்ணாடி. நாங்கள் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கி, பலகையில் உட்கார்ந்தபடி சோப்புப் போட்டு வழித்துக்கொண்டே வருவோம். உள்ளே ஆபீஸ்காரர்கள் எங்களைப் பார்க்கவே மாட்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் ஒருநாள் அம்மாவோடு வந்திருந்தது, கண்ணாடியில் கையை வைத்தது, நானும் வெளியிலிருந்து கையை வைத்தேன். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

கழுத்தைக் கேட்டாயே. எங்கள் கூட்டத்தில் யாருக்குத்தான் கழுத்து ஒழுங்காக இருக்கிறது? காலையில் எழுந்தால் மரக்கட்டை. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. பழகிவிட்டது. போன வாரம் ஒரு வேடிக்கை. சோப்பு நுரை கண்ணில் பட்டுவிட்டது, மூடிக்கொண்டேன். கட்டடமே என்னை விட்டு நகர்ந்து போவதுபோல் இருந்தது. "கட்டடம் என்னைப் பார்த்து பயந்து ஓடுதுடா," என்று கூட்டாளியிடம் சொன்னேன், சிரித்தான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, கொக்கி சரியாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தபோதும் ஒருமுறை அப்படி இருந்தது. காலையில் வெறும் வயிறு, அதுதான் காரணம்.

எங்கள் மேஸ்திரி எல்லோரிடமும் அவசரத்துக்கு ஒரு வீட்டு ஆள் நம்பர் கேட்டார். உன்னுடையதைக் கொடுத்தேன், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். அவருடைய நம்பரும் கடைசியில் எழுதியிருக்கிறேன், வைத்துக்கொள்.

நீ தைலத்தைக் குறைத்துக்கொள். பல் வாங்க வருகிறவர்கள் ஓடிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
சுவரில் ஒட்டிய உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அந்தச் சின்னப் பெண் கையை வைத்த இடத்தை இரண்டு தரம் படித்தேன். அப்புறம் கட்டடம் ஓடிய இடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அது வெறும் வயிறு இல்லைடா. எனக்கு வந்த அதே கோளாறு. நான் குளியலறையில் குழாயைப் பிடித்தேன். நீ எதைப் பிடிப்பாய்?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், விளையாடாமல் பதில் எழுது. அந்தக் கைப்பிடிச் சுவரில் ஏறும்போது பெல்ட்டைக் கயிற்றோடு மாட்டியிருப்பீர்களா, ஏறி நின்ற பிறகு மாட்டுவீர்களா?

வேலையை விடு என்று சொல்லவில்லை, கவனித்தாயா? கழுத்து சரியாகும்வரை கீழே ஏதாவது வேலை கேள் என்கிறேன். பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்கிறாள் பிசியோ. இதற்கு நீ எப்படியும் சண்டைதான் போடுவாய். அதனால் பஞ்சாயத்து வைத்துக்கொள்வோம். நீ அங்கே நில். கண்ணை மூடி, ஒற்றைக்காலில். நிற்க முடிந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஊன்றிவிட்டால் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு நில், தனியாக வேண்டாம்.

எனக்கு உன்னை விட்டால் சண்டை போடக்கூட ஆளில்லை. இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் வைத்துவிடுவாய்.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நின்றேன். கொக்கு தோற்றது. அறைக்காரன்தான் சாட்சி, "போதும்டா, காலைக் கீழ வை, எனக்குத் தூக்கம் வருது," என்று கத்தும்வரை நின்றேன். ஆகவே பஞ்சாயத்தில் நான் ஜெயித்தேன். இனி வாயைத் திறக்கக் கூடாது, நீயே எழுதியிருக்கிறாய்.

நல்ல சேதி ஒன்று. அடுத்த மாதம் இதைவிடப் பெரிய கட்டடம். முதல் கயிற்றில் யார் இறங்குவது என்று பேச்சு வந்தபோது மேஸ்திரி என்னைக் கைகாட்டினார். மற்றவர்கள் எனக்கு மூத்தவர்கள், இருந்தும் என்னைத்தான் சொன்னார். உனக்கு இது பெரிதாகத் தெரியாது. தரையில் நான் யாரக்கா? பக்கெட் தூக்குகிறவன். பள்ளிக்கூடத்திலும் கடைசி, நீ சேர்த்துவிட்ட கம்பெனியிலும் கடைசி. கயிற்றில் தொங்கும்போது மட்டும்தான் "பல்லி, நீ முதல்ல இறங்கு" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அதைக் கெடுத்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நாற்காலியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தம்பி


மார்ச் 20

அக்கா,

நேற்றுக் காலை பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து எல்லோர் எதிரிலும் நின்றார். "உங்க அக்கா போன் பண்ணாங்கப்பா. தலை சுத்துதாமே உனக்கு? கழுத்து வலியாமே? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். "அம்மா மாதிரி வளர்த்தவங்க, அழுதுகிட்டே பேசுறாங்க. எனக்கும் பொறுப்பு இருக்குல்ல. டாக்டர் சீட்டு கொண்டா, அப்புறம் ஏறு," என்று பெல்ட்டை வாங்கிவிட்டார்.

வாங்கி யாரிடம் கொடுத்தார் தெரியுமா? சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருத்தனிடம். அவன் என் கயிற்றில் இறங்கினான். நான் கீழே நின்று அவனுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தன், "அக்காகிட்ட கேட்டுட்டியா, சாப்பிடலாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டாளியும் சிரித்தான்.

அந்த நம்பர் நான் செத்தால் உனக்குத் தகவல் சொல்லத்தான் கொடுத்தது. என் பிழைப்பில் மண்ணைப் போடக் கொடுக்கவில்லை.

சந்தோஷமா உனக்கு? இத்தனை வருஷமாகக் கேட்டாயே, விட்டுவிட்டேன் கயிற்றை. இனிமேல் எழுதாதே. போனும் பண்ணாதே.


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட வேண்டுமென்றால் படித்துவிட்டுக் கிழி.

நீ செத்த பிறகு அந்த மேஸ்திரியிடம் எனக்குப் பேச என்ன இருக்கிறது? அதனால் முன்னாடியே பேசினேன்.

அறைக்காரன் சாட்சி என்று எழுதினாய். அவன் காலி செய்துகொண்டு போனதை அதற்கு முந்தைய கடிதத்தில் நீயே சொல்லியிருந்தாய். தும்மினால் நூறு சொல்லக்கூட ஆளில்லை என்றவன், யாரை வைத்துக்கொண்டு நின்றாய்? உனக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவும் வராது. பெல்ட்டைப் பற்றி நான் கேட்டதற்கும் பதில் இல்லை.

அப்போதும் நான் போனை எடுக்கவில்லை. உன் சந்தோஷத்தைப் படித்துவிட்டு, சரி, விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு ஓர் அச்சு வந்தது. எங்களுக்கு முகம் தெரியாது, பெயரும் தெரியாது, வாய் மட்டும்தான் வரும். மேலே முன்வரிசைப் பல் ஒன்றும் இல்லை. சீட்டில் வயது இருபத்து நான்கு, ஆண், உயரத்திலிருந்து விழுந்தது என்று எழுதியிருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் மட்டும் கோணலாக முன்னால் வந்து நின்றது, உனக்கு இருக்கிற அதே இடத்தில். நீ இல்லை என்று தெரியும். உன் பல் எனக்குத் தெரியாதா? இருந்தும் செதுக்குகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாடிப்படிக்குப் போய் நின்று உன் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அழுதது உண்மைதான். அழாமல் எப்படிப் பேசுவதாம்?

அந்தப் பையனுக்கு ஆறு பல் செய்து கொடுத்தேன். நன்றாக வந்தது. அவன் சிரித்தால் யாருக்கும் தெரியாது.

உன் கூட்டாளிகள் சிரித்ததற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள். கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கும் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் திரும்பி வரவில்லை, ஆகவே சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். நீ அதே அறையில்தான் இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா?

இங்கே சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. லேப்பில் எனக்கு மட்டும் மேசையை உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். நாலு காலுக்கும் அடியில் செங்கல் வைத்துத்தான், முதலாளி புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைக்காதே. பக்கத்து மேசைக்காரி "மகாராணி சிம்மாசனம்" என்கிறாள். ஒரு டாக்டர், பல் ரொம்ப வெள்ளை என்று திருப்பி அனுப்பிவிட்டார், நோயாளி டீ குடிக்கிறவராம், டீக்கறைக்குத் தகுந்த மாதிரி வேண்டுமாம். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் புள்ளி காலண்டரை விட்டு இறங்கி வட்டத்தின் ஓரத்துக்கு வந்திருக்கிறது. பிசியோ கைதட்டினாள். ஒற்றைக்காலில் மட்டும் இன்னும் தேறவில்லை, கண்ணை மூடினால் ஊன்றிவிடுகிறேன். நேற்று நாற்காலி மேலேயே சரிந்தேன். முழங்கையில் அடி, பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டு, அடிபட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நாற்காலியைத் திட்டினேன்.

கோபம் இருக்கிறவரை இரு. ஒரு வெற்றுத் தாளையாவது மடித்து அனுப்பு, போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

வெற்றுத் தாளும் வரவில்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஒருமுறை போதும்.

நீ நன்றாக இருந்தால் சரி. என்னோடு பேசாமல் நன்றாக இருக்க முடியும் என்றால், அப்படியே இரு.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

பேனா எழுதவில்லை. நீ முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தாய், நான்தான் மறந்துவிட்டேன். பென்சில் வாங்கக் கடைக்குப் போனால் "பிள்ளைக்கா? ரப்பர் வெச்சது வேணுமா?" என்று கேட்கிறார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு எழுதுகிறேன். இதை வைத்துச் சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்காதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

டாக்டர் சீட்டு வாங்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டை வாங்கி, மேஸ்திரி முகத்தில் ஒன்று, உனக்குத் தபாலில் ஒன்று வீச வேண்டும் என்று. அங்கேயும் ஒரு பிசியோ, மீசைக்காரர். தலையில் பட்டையைக் கட்டினார். உனக்குக் காலண்டர். எனக்குப் புள்ளி கதவுக்கே போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. "என்ன வேலைப்பா பாக்குற?" என்று கேட்டார், சொன்னேன். பட்டையைக் கழற்றிவிட்டு, நாளையிலிருந்து பயிற்சிக்கு வரச் சொன்னார். சீட்டு கேட்காமலேயே வந்துவிட்டேன்.

அதிலிருந்து அவரிடம் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கீழேதான் வேலை, கயிறு துவைத்துக் காயப்போடுவது, கொக்கிக்கு எண்ணெய் போடுவது. முதலில் நாலு நாள் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தனாக வந்து, மற்றவன் காதில் விழாமல், "டேய், உனக்கு எந்தப் பக்கம் வலிச்சுது? எனக்கும் கண்ணை மூடினா ஒரு மாதிரி இருக்கு," என்று கேட்கிறார்கள். அக்காவைக் கேட்டுச் சாப்பிடு என்றவன்தான் முதலில் வந்தான்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில். ஏறி நின்ற பிறகுதான் மாட்டுவோம். எல்லோரும் அப்படித்தான், கீழேயே மாட்டிவிட்டு ஏறினால் கயிறு காலில் சிக்கும் என்று ஒரு பேச்சு. அன்று கைப்பிடிச் சுவரில் தலை சுற்றியபோது நான் இன்னும் மாட்டவில்லை. கூட்டாளிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் அறுந்துபோனது, இன்னும் தைக்கவில்லை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன் இப்போது. இனிமேல் மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

உன் கடிதம் ஒவ்வொன்றும் சேர்ந்தது. அந்தப் பையன் வாயைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கண்ணாடியில் என் கோணல் பல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியாக வந்ததில் உன் கையெழுத்து மேலே ஏறவே இல்லை, நேராக இருந்தது. உட்கார்ந்து, குனிந்து எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அறையில் நின்றேன். கண்ணை மூடி, ஒற்றைக்காலில். சாட்சி யாரும் இல்லை, நீ நம்பித்தான் ஆக வேண்டும். ஊன்றிவிட்டேன். மறுபடி நின்றேன், மறுபடி ஊன்றிவிட்டேன். நீயும் ஊன்றிவிடுவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு பேரும் ஊன்றினால் என்ன சட்டம் என்று உனக்குத் தெரியும். பேசாதவன் பசியோடு எழுந்து போக வேண்டும். நான் பசி தாங்கமாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். ஒரு தட்டு போதும். மூலையில் இருக்கிற அந்த நாற்காலியை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டுவிடு.

உன் தம்பி